குழந்தைப் புற்றுநோய் வைத்தியர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அந்தத் தகப்பன் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்திருந்தார். மகளுக்கு ஆறு வயது, ரத்தப் புற்றுநோய். பயிற்சியில் இருந்த வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. வார்ட்டில் தரை துடைத்துக்கொண்டிருந்த ஊழியரைக் கூப்பிட்டு, சொல்வதை அப்படியே சொல்லச் சொன்னார். ஊழியர் இரக்கப்பட்டார். "பிள்ளைக்கு ரத்தம் கெட்டுப்போச்சாம், மருந்து குடுத்தா சரியாகிரும்" என்றார். தகப்பன் தலையாட்டினார். வைத்தியர் கோப்பில் 'பெற்றோருக்கு விளக்கப்பட்டது' என்று எழுதினார். இரண்டு வாரத்தில் தகப்பன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கெட்ட ரத்தத்தைச் சுத்தமாக்க ஊரில் நாட்டு மருந்து கிடைக்குமே!

அப்போது நான் அதே வார்ட்டில் ஜூனியர். அடுத்த கட்டிலில் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். இடையில் போய்த் திருத்தவில்லை. இன்றும் உறுத்துகிறது.

அந்த வைத்தியரை நான் குறை சொல்லமாட்டேன். மருந்து அளவுகள் அவருக்கு மனப்பாடம், பரீட்சையிலும் நல்ல புள்ளிகள். ஆனால் ஒரு தாயிடமோ தகப்பனிடமோ அவர் இந்தச் செய்தியைச் சொல்வதை அவருடைய ஆசிரியர் யாரும் ஒருநாளாவது பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை. பயிற்சி கொடுக்கும் நாம் செய்யும் பெரிய தவறு இதுதான். மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்து பிறக்கின்றன.

கெட்ட செய்தி சொல்வதற்கு ஸ்பைக்ஸ் என்று ஆறு படி முறை உண்டு, 2000இல் வெளிவந்தது. நல்ல முறைதான். நாம் அதை ஸ்லைடில் போட்டு ஆறு படியையும் ஒப்பிக்கச் சொல்கிறோம். மருத்துவக் கல்வி பற்றி எழுதிய ஜோர்ஜ் மில்லர் 1990இலேயே நான்கு தட்டுகளைப் பிரித்துக் காட்டினார்: தெரிந்திருப்பது, எப்படிச் செய்வதென்று தெரிந்திருப்பது, செய்து காட்டுவது, அன்றாட வேலையில் உண்மையாகவே செய்வது. ஒப்பிக்கச் சொன்னால் முதல் தட்டைத்தான் அளக்கிறோம். அதற்குப் பதிலாக, மாணவ வைத்தியர் பெற்றோரிடம் பேசும்போது ஒரு கால் மணித்தியாலம் ஓரமாக உட்காருங்கள். அப்புறம் ஐந்து நிமிடம், கண்டதை மட்டும் பேசுங்கள்: "அம்மா அழத் தொடங்கியதும் நீங்கள் கோப்பைப் பார்த்தீர்கள்" என்று. 'கொஞ்சம் அன்பாகப் பேசுங்கள்' என்பதால் பயனில்லை. அன்பில்லாமலா அவர் இந்தத் துறைக்கு வந்தார்?

மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசுவதும் பழகிப் பெற வேண்டிய திறமை. கண்டி, நுவரெலியா, பதுளை வார்ட்டுகளில் இது அன்றாடத் தேவை, ஆனாலும் இதற்கென்று நாம் ஒரு மணித்தியாலம்கூட ஒதுக்குவதில்லை. நோயாளிக் குழந்தையின் அக்காவை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது, பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் அந்தச் சொல்லை இறக்கக் கூடாது. மொழிபெயர்ப்பவரிடம் முதலில் தனியாகப் பேச வேண்டும், 'புற்றுநோய்' என்ற சொல்லை மாற்றாமல் சொல்லச் சொல்ல வேண்டும். பேசும்போது கண் தாயின் மேல் இருக்க வேண்டும். கடைசியில், "வீட்டில் ஆச்சி கேட்டால் என்ன சொல்லுவீர்கள்?" என்று கேட்டு, அவர்கள் வாயால் திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும். அந்தத் தகப்பனிடம் இந்த ஒரு கேள்வி கேட்கப்பட்டிருந்தால் போதும்.

அடுத்தது, 'ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைச் சொல்லிக்கொடு' என்ற பழைய பழக்கம். முதுகுத் தண்டில் ஊசி போட்டு மருந்து ஏற்றுவதை முதல் முறையாக ஒரு குழந்தையின் முதுகிலேயே பழகுவது சரியல்ல. பொம்மை உருவங்களில் பழகலாம். ஆனால் கைப்பழக்கத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இங்கே உண்டு. வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து நரம்பு வழியாக, அதாவது ரத்தக் குழாயில் மட்டுமே போக வேண்டியது. மெதோட்ரெக்சேட் என்ற இன்னொரு மருந்து முதுகுத் தண்டிலும் ஏற்றப்படும். இரண்டும் ஒரே பிள்ளைக்கு ஒரே நாளில் வரலாம். சிரிஞ்சு மாறி வின்கிரிஸ்டின் முதுகுத் தண்டுக்குள் போனால் ஏறக்குறைய எப்போதும் மரணம்தான். உலகில் பல நாடுகளில் இது நடந்திருக்கிறது. 2007இல் உலக சுகாதார ஸ்தாபனம் எச்சரித்து, வின்கிரிஸ்டினைச் சிரிஞ்சில் அல்லாமல் சிறிய சேலைன் பையில் கலந்தே கொடுக்கச் சொன்னது. இதைச் சொல்லிக்கொடுக்கும்போது 'கவனமாக இருங்கள்' என்று முடித்துவிடுவது தவறு. நடந்த விபத்தொன்றை எடுத்து, எந்த இடத்தில் யார் நிறுத்தியிருக்கலாம் என்று தாதியரையும் மருந்தாளரையும் கூட வைத்துப் பேசுங்கள். பயிற்சி வைத்தியரை மட்டும் தனியாக உட்கார வைத்துப் பேசினால் பாதிப் பாடம்தான்.

ஆசிரியர் சத்தம் போடும் வார்ட் ரவுண்டும் இங்கேதான் உயிருக்கு உலை வைக்கிறது. பத்துப் பேர் முன்னால் "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்கப்பட்டவர், இரவு இரண்டு மணிக்கு மருந்தின் அளவில் சந்தேகம் வந்தால் போன் எடுக்கமாட்டார்.

இனி நோயைக் கண்டுபிடிக்கும் பாடம். விசேட பயிற்சி பெரும்பாலும் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலை போன்ற பெரிய இடங்களில் நடக்கிறது. அங்கே வரும் பிள்ளை நோயின் பெயரோடு வருகிறது. நாமும் வகுப்பில், "லுகேமியா (ரத்தப் புற்றுநோய்) உள்ள ஐந்து வயதுச் சிறுவன்" என்றே தொடங்குகிறோம். தோட்ட டிஸ்பென்சரியில் அவன் அப்படி வரவில்லையே. வெளிறிப்போய் வந்தான், சோகை என்று இரும்புச்சத்துப் பாணி கிடைத்தது. தோட்டத்தில் சோகை சாதாரணம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கால் வலிக்கிறது என்று மறுபடி வந்தான், மூட்டு வாதமாக இருக்கலாம் என்று பிரெட்னிசலோன் கிடைத்தது. அந்த ஸ்டீராய்டு சில நாள் நோயை அடக்கி மறைத்துவிடும், பிறகு எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையும் குழம்பும். எனவே கதையை நடந்த வரிசையிலேயே சொல்லுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும், 'இப்போது நீங்கள் டிஸ்பென்சரியில் இருக்கிறீர்கள், என்ன செய்வீர்கள்?' என்று கேளுங்கள். கண்மணி வெள்ளையாகத் தெரிவது, வயிற்றில் கட்டி இருப்பது போன்ற புற்றுநோய் அறிகுறிகளைத் தோட்ட வைத்திய உதவியாளருக்குச் சொல்லிக்கொடுப்பதும் குழந்தைப் புற்றுநோய் வைத்தியரின் வேலைதான்.

பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் 80 சதவீதத்துக்கும் மேல் குணமாகிறார்கள். வருமானம் குறைந்த பல நாடுகளில் அது 30 சதவீதத்துக்கும் கீழே. 2030க்குள் உலகளவில் 60 சதவீதத்தையாவது எட்ட வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2018இல் இலக்கு வைத்தது. இந்த இடைவெளிக்குச் சிகிச்சையைப் பாதியில் விடுவதும் முக்கியமான காரணம். லுகேமியாவில் முதல் மாத முடிவில் பெரும்பாலான பிள்ளைகளின் ரத்தம் தெளிந்துவிடும், முகம் மலர்ந்துவிடும். ஆனால் சிகிச்சை இரண்டு, மூன்று வருடம் தொடர வேண்டும். 'நல்லாத்தானே இருக்கான்' என்று தாய் நினைப்பதில் என்ன பிழை? ஒவ்வொரு பயணத்துக்கும் அவளுக்கு நாள் பேர், அதாவது அன்றைய வேலைப் பதிவு போகிறது, சம்பளம் குறைகிறது. நாலு வாரம் தொடர்ந்து வராவிட்டால் 'சிகிச்சையைக் கைவிட்டது' என்று பதிவாகும். அதை ஒரு சொல்லாகப் படித்த பயிற்சி வைத்தியருக்கு அந்தப் பாதை தெரியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது பயிற்சி வைத்தியர்கள் தோட்டக் குடியிருப்பான லயத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். லயத்திலிருந்து பிரதான வீதிக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், கடைசி பஸ் எப்போது?

என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒருவரை அப்படிக் கூட்டிப்போனேன். கீமோ நடக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், வைத்தியசாலைக்கு வந்த ஒரு மணித்தியாலத்துக்குள் அன்டிபயோடிக் ஏற்ற வேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். திரும்பி வரும்போது மழை. படிக்கட்டு வழுக்கியது, கையில் டோர்ச் இல்லை. அடுத்த வாரம் கிளினிக்கில் அவர் ஒரு தாயிடம் கேட்டது என் காதில் விழுந்தது: "ராத்திரி காய்ச்சல் வந்தால் எந்த வாகனத்தில் வருவீங்க? டிரைவர் நம்பர் இருக்கா?"