பச்சை ஆளியைத் தாமிரம் என்ன செய்கிறது: நான்கு நாள் சோதனை செய்யும் முறை

கடல்நீரில் ரசாயனம் கலந்தால், ஆளி என்னும் இரட்டை ஓட்டுச் சிப்பி முதலில் சாவதில்லை, தன் இரு ஓடுகளையும் மூடிக்கொள்கிறது. இரண்டு நாள் நச்சுநீரில் வைத்து எண்ணிப் பார்த்து, ஒன்றும் சாகவில்லை, எனவே பாதிப்பில்லை என்று எழுதப்படும் அறிக்கைகள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகின்றன. கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் கடல்நீர் உள்ளே வரும் பாதையில் பச்சை ஆளி அடர்ந்து ஒட்டும். விட்டுவிட்டுக் குளோரின் செலுத்தினால், மருந்து வரும் நேரம் மூடி, நின்றதும் திறந்து, அது பிழைத்துக்கொள்ளும். ஆகவே சாவை மட்டும் எண்ணாமல், நீரை வடிகட்டுகிறதா, பாறையில் ஒட்டிக்கொள்ள உதவும் நார் விடுகிறதா, காற்றில் எத்தனை நேரம் தாங்குகிறது என்ற மூன்றையும் அளக்க வேண்டும்.

இங்கே தாமிரத்தை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. படகின் அடிப்பாகத்துக்குப் பூசும் பாசித்தடுப்புப் பெயின்ட்டில் இன்று முதன்மையான நஞ்சு அதுதான். துறைமுக நீரில் அது சிறிது சிறிதாகக் கரைந்துகொண்டே இருக்கும்.

ஆளி சேகரிப்பு

40 முதல் 50 மி.மீ. நீளமுள்ள ஆளிகளாக 150 தேவை. சிறிதும் பெரிதும் கலந்தால் வடிகட்டும் அளவு தானாகவே மாறிவிடும். பாறையிலிருந்து இழுத்துப் பிய்க்கக் கூடாது. இழுத்தால் நார்க்கொத்து வேரோடு வந்து உள்தசை கிழியும், அந்த ஆளி நஞ்சே இல்லாமலும் சாகும். கத்தரிக்கோலால் நாரை ஓட்டையொட்டி வெட்டுங்கள். வாளி நீரில் போட்டுக் கொண்டுவந்தால் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். கடல்நீரில் நனைத்த சாக்கில் சுற்றி, நிழலில் கொண்டுவருவதே நல்லது.

ஓட்டில் ஒட்டிய பாசியையும் கொட்டலசுகளையும் சுரண்டிவிட்டு, வடிகட்டிய கடல்நீரில் ஒரு வாரம் பழக்குங்கள். ஆளிக்கு 1 லிட்டர் நீர், உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 30 முதல் 33 பங்கு, வெப்பம் 28 டிகிரி. தினமும் நீரை மாற்றவும். நீர் திடீரென்று பால்போலக் கலங்கினாலோ, ஆரஞ்சு நிறம் பாய்ந்தாலோ அவை இனப்பெருக்கம் செய்துவிட்டன என்று பொருள். முட்டையும் விந்தும் விட்ட ஆளி தளர்ந்திருக்கும். அந்தத் தொகுதியை விட்டுவிட்டு வேறு சேகரிப்பதுதான் சரி.

கரைசலும் தொட்டியும்

ஐந்து நீர் மூலக்கூறுடன் கூடிய தாமிர சல்பேட் 3.93 கிராமை 1 லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால் லிட்டருக்கு 1 கிராம் தாமிரம் கிடைக்கும். அதைப் பத்து மடங்கு நீர்த்துக்கொள்ளுங்கள். 10 லிட்டர் தொட்டியில் நீர்த்த கரைசலை 2.5, 5, 10 மி.லி. சேர்த்தால் முறையே லிட்டருக்கு 25, 50, 100 மைக்ரோகிராம். தாமிரம் சேர்க்காத ஒப்பீட்டுத் தொட்டியையும் சேர்த்து நான்கு நிலை. ஒவ்வொன்றுக்கும் மூன்று தொட்டி, தொட்டிக்கு 10 ஆளி.

கண்ணாடியின் மேல் தாமிரம் படியும் என்பதால் பாலித்தீன் தொட்டியே வேண்டும். அதை 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஓரிரவு ஊறவைத்துக் கழுவுங்கள். காற்றுக் குழாயில் பித்தளை வால்வு இருந்தால் உடனே கழற்றி பிளாஸ்டிக் வால்வு போடுங்கள். பித்தளையில் தாமிரம் உண்டு, கடல்நீர் பட்டால் கசியும். ஒப்பீட்டுத் தொட்டி ஆளிகள் காரணம் புரியாமல் சோர்ந்திருந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

சோதனைக்கு 24 மணி நேரம் முன்பே உணவை நிறுத்திவிடுங்கள், நான்கு நாளும் கொடுக்க வேண்டாம். உணவாகக் கொடுக்கும் பாசியை வளர்க்கும் ஊடகத்தில் பெரும்பாலும் இ.டி.டி.ஏ. என்ற, உலோகங்களைப் பற்றும் ரசாயனம் இருக்கும். பாசியோடு அதுவும் தொட்டிக்குள் வந்தால் தாமிரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நஞ்சு குறைந்ததுபோலத் தோன்றும். 24 மணிக்கு ஒருமுறை நீர் முழுவதையும் மாற்றி, புதிதாகத் தாமிரம் சேருங்கள். கழிவிலும் சளியிலும் படிவதால் நீரில் உள்ள அளவு மணிக்கு மணி குறையும்.

நார் எண்ணுதல்

மூன்றாம் நாள் காலையில் ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் மூன்று ஆளிகளின் பழைய நாரை வெட்டி, அதே நீரில் ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் வையுங்கள். நலமான ஆளியின் ஓட்டிடுக்கிலிருந்து நாக்குபோல் ஒரு பாதம் நீண்டு, தகட்டைத் துழாவி, ஒரு புள்ளியில் நுனியை அழுத்தி அசையாமல் நிற்கும். சில நிமிடத்தில் பாதம் விலகும்போது நூல்போல ஒரு நாரும் அதன் நுனியில் சிறு வட்டப் பசையும் தெரியும். 24 மணி நேரத்தில் தகட்டில் ஒட்டியவற்றை எண்ணுங்கள். அளவு ஏற ஏற எண்ணிக்கை குறையும். பாதம் நீண்டும் நார் உருவாகவில்லை என்றால் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மூடிக்கிடப்பதும் முயன்று தோற்பதும் ஒன்றல்ல.

வடிகட்டும் வேகம்

நான்காம் நாள் முடிவில் நியூட்ரல் ரெட் என்ற சிவப்புச் சாயத்தைக் கொண்டு அளக்கலாம்: ஆளி நீரை வடிகட்ட வடிகட்ட நீரில் உள்ள சாயம் குறையும். பாசிச் செல்களை ஹீமோசைட்டோமீட்டரில் (செல் எண்ணுவதற்கான கட்டமிட்ட கண்ணாடித் தகடு) எண்ணும் முறை இதற்கு ஒத்துவராது: மி.லி.க்கு 20,000 செல் என்றால் ஒரு பெரிய கட்டத்தில் 2 செல்தான் விழும், பிழை மிகுந்துவிடும்.

ஒவ்வொரு ஆளியையும் 500 மி.லி. தூய கடல்நீரில் தனியாக வையுங்கள். ஓடு திறந்த பிறகே கடிகாரத்தைத் தொடங்க வேண்டும். லிட்டருக்கு 100 மி.கி. சாயக் கரைசலில் 5 மி.லி. சேர்த்துக் கலக்கி, உடனே ஒரு மாதிரியும் 30 நிமிடம் கழித்து இன்னொன்றும் எடுங்கள். இரண்டையும் அமிலத்தால் பி.ஹெச். 5க்குக் கொண்டுவந்து 530 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று நிறமாலைமானியில் அளவிடவும். சாயம் ஓட்டின்மேலும் ஒட்டும் என்பதால் வெற்று ஓடுகள் போட்ட பீக்கர் ஒன்று கட்டாயம்.

கணக்கு: நீர் அளவை நேரத்தால் வகுத்து, தொடக்க அளவீட்டுக்கும் இறுதி அளவீட்டுக்கும் உள்ள விகிதத்தின் இயல் மடக்கையால் பெருக்குங்கள். 0.060 என்பது 0.015 ஆனால் மணிக்கு 1.39 லிட்டர். வெற்று ஓட்டில் 0.060 என்பது 0.054 ஆனால் அது 0.11 லிட்டர். கழித்தால் 1.28. கடைசிவரை திறக்காத ஆளிக்குச் சுழியம் போட்டுச் சராசரியில் கலக்காதீர்கள், எத்தனை திறக்கவில்லை என்று தனியே எழுதுங்கள்.

காற்றில் தாங்கும் காலம்

மூன்றிலும் எளியது, கருவியே வேண்டாதது இதுதான். நிலைக்கு 20 ஆளிகளை ஈரப்பஞ்சு விரித்த தட்டில் மூடிவைத்து 28 டிகிரியில் விடுங்கள். 12 மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். பச்சை ஆளி உயிரோடும் லேசாக வாய் திறந்திருக்கும் என்பதால் திறப்பை மட்டும் பார்த்துச் செத்ததாகக் கணக்கிட வேண்டாம். மேன்டில் (ஓட்டின் உட்புறத்தைப் போர்த்திய சவ்வு) ஓரத்தைக் கண்ணாடிக் குச்சியால் தொட்டு, ஓட்டை விரலால் அழுத்தி விடுங்கள். மீண்டும் மூட முயலாததே செத்தது. அதை உடனே அகற்றாவிட்டால் அழுகி மற்றவற்றையும் கெடுக்கும். பாதி சாகும் நேரத்தை ஒப்பீட்டுத் தொகுதியோடு ஒப்பிடுங்கள். தாமிர நீரில் ஒன்றுகூடச் சாகாத தொகுதியும் இங்கே முந்திச் சரிவதைக் காணலாம்.

சோதித்த ஆளிகளைச் சமைக்கவோ கடலில் விடவோ கூடாது. தாமிர நீரைச் சாக்கடையில் கொட்டாமல் பிளாஸ்டிக் கேனில் சேர்த்து, உலோகக் கழிவாக ஒப்படையுங்கள்.