பழைய கச்சேரி டேப்பைக் காப்பாற்றப் போய்க் கெடுத்துவிடாதீர்கள்

பழைய கச்சேரி வீடியோ டேப் ஒன்று கையில் கிடைத்ததும் நிறைய பேர் முதலில் தேடுவது அதை 4கே ஆக்கித் தரும் ஏஐ மென்பொருளைத்தான். ஃபிலிமில் எடுத்த கச்சேரியின் நெகட்டிவை மறுபடி ஸ்கேன் செய்தால் புதிதாக விவரம் கிடைக்கும், ஏனென்றால் ஃபிலிமிலேயே அது இருக்கிறது. டேப்பில் அப்படி எதுவும் ஒளிந்திருக்கவில்லை. பழைய டிவி முறைகளில் பால் (PAL) என்றால் படத்தில் 576 வரி, என்டிஎஸ்சி (NTSC) என்றால் சுமார் 480. அதிலும் விஎச்எஸ் என்றால் குறுக்குவாட்டில் 240 வரி அளவுக்குத்தான் விவரம் தேறும். ஆனால் டேப்பிடம் வேறொரு சொத்து இருக்கிறது, அதுதான் அசைவு. சினிமா ஃபிலிமில் நொடிக்கு 24 படம் என்றால், டேப்பில் 50 அல்லது 60 தனித்தனிக் கணங்கள் பதிவாகியிருக்கும். மறுசீரமைப்பு என்ற பெயரில் பெரும்பாலும் பறிபோவது இதுதான்.

அதற்கு முன்னால் டேப். கேசட்டின் கண்ணாடி வழியே பார்த்தால் சுற்றின் மேல் வெள்ளைப் பூச்சு மாதிரி தெரிகிறதா? பூஞ்சை. அதை அப்படியே பிளேயரில் போட்டால் டேப்பும் கெடும், ஹெட்டும் கெடும், அடுத்துப் போடுகிற கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். ஓடும்போது கிறீச்சிட்டாலோ, ஒட்டி ஒட்டி நகர்ந்தாலோ உடனே நிறுத்திவிட்டு விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். இன்னும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்ற ஆசையில்தான் பல டேப்புகள் போயிருக்கின்றன.

அடுத்து கேப்சர், அதாவது டேப்பில் உள்ளதைக் கணினிக் கோப்பாக மாற்றுவது. பின்னால் எந்த மென்பொருளாலும் சரிசெய்ய முடியாத தவறுகள் நடப்பது இங்கேதான். மலிவான யுஎஸ்பி கருவி ஒன்றை மஞ்சள் வீடியோ ஒயரில் மாட்டி, நேராக எம்பெக் கோப்பாகப் பதிவு செய்துகொள்வது வழக்கம். மேடை விளக்கு, புகை, டேப்பின் இரைச்சல் மூன்றும் சேர்ந்த படத்தைச் சுருக்கினால் கட்டம் கட்டமாக உடையத்தான் செய்யும். முடிந்தால் எஸ்-வீடியோ (வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாக அனுப்பும் இணைப்பு) வெளியீடு உள்ள டெக், நடுவில் டைம் பேஸ் கரெக்டர் (டேப்பின் நேரத் தடுமாற்றத்தைச் சரிசெய்யும் கருவி), பதிவு எஃப்எஃப்வி1 போல இழப்பில்லாத வடிவத்தில். சுருக்காத 10 பிட் பதிவு மணிக்கு 100 ஜிபி வரை போகும், எஃப்எஃப்வி1 என்றால் அதைவிட நன்றாகவே குறையும். கரெக்டர் இல்லாமல் எடுத்தால் நேர்க்கோடுகள் நெளிவது மட்டுமல்ல, நடுநடுவே ஃபிரேம் விழுந்து, கச்சேரி முடிவதற்குள் ஒலி வேறெங்கோ போயிருக்கும். அப்புறம் வெளிச்ச அளவு. பாடகர் முகத்தில் விழும் ஸ்பாட்லைட் கேப்சரிலேயே வெளுத்துப்போனால் போனதுதான். இருப்பதிலேயே வெளிச்சமான பாட்டு ஒன்றை ஓட்டிப் பார்த்து, புராக் ஆம்பில் (கேப்சருக்கு முன்பே வெளிச்சத்தையும் நிறத்தையும் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாடு) அளவைக் குறைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

இப்போது டீஇன்டர்லேஸ். டேப்பில் ஒவ்வொரு கணமும் படத்தின் பாதி வரிகளாகத்தான், அதாவது ஒரு ஃபீல்டாகத்தான் பதிவாகியிருக்கும், மீதி வரிகள் அடுத்த ஃபீல்டில்; அவற்றை முழு ஃபிரேம்களாக்குவதுதான் டீஇன்டர்லேஸ். நான் அதிகம் பார்க்கிற தவறு இங்கேதான். மென்பொருளில் கண்ணில் பட்ட முதல் தேர்வை அழுத்திவிடுகிறார்கள், அது 50 கணங்களை 25 ஃபிரேமாகக் குறைத்துவிடுகிறது. டிரம்மரின் கையைப் பாருங்கள், குச்சி இடத்துக்கு இடம் தாவும். கியூடிஜிஎம்சி (QTGMC) போன்ற டீஇன்டர்லேஸ் ஃபில்டர் ஒன்றை வைத்து ஒவ்வொரு ஃபீல்டையும் ஒரு முழு ஃபிரேமாக்குங்கள், பால் என்றால் 50, என்டிஎஸ்சி என்றால் 59.94. முடித்ததும் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள்: குச்சி கொஞ்சம் இறங்கி, பின்னால் போய், மறுபடி இறங்கினால் ஃபீல்டு வரிசை தலைகீழாக இருக்கிறது. DV என்ற டிஜிட்டல் வீடியோ வடிவில் எடுத்தது பொதுவாகக் கீழ் ஃபீல்டில் தொடங்கும், மற்ற பால் கேப்சர்கள் பெரும்பாலும் மேல் ஃபீல்டில். இதைத் தப்பாக விட்டுவிட்டு மேலே என்ன செய்தாலும் வீண். “சினிமா மாதிரி இருக்கட்டும்” என்று 24 ஃபிரேமுக்கு மாற்றுபவர்களிடம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

இரைச்சல் நீக்கத்தில் கை நீண்டுவிடும், கவனம். கிட்டாரிஸ்டின் விரல்கள் வேகமாக ஓடும் இடத்தில் முன்பின் ஃபிரேம்களைக் கலந்து சுத்தம் செய்கிற ஃபில்டர், விரலையே இரைச்சல் என்று நினைத்துக் கரைத்துவிடும். ஏஐ அப்ஸ்கேலிங், அதாவது ஏஐ வைத்துப் படத்தைப் பெரிதாக்குவது, அதற்கு மேல். தூரக் கோணத்தில் முகம் நாலைந்து பிக்சல் புள்ளிதான், அதற்குக் கண்ணும் பல்லும் அது தானாகக் கற்பனை செய்து வைக்கும். கூட்டத்தில் நிற்பவர்களெல்லாம் மெழுகு பொம்மைகளாகிவிடுவார்கள். லேசாகப் போடுங்கள், அதையும் அசைவு அதிகமுள்ள காட்சியில் சோதித்துப் பாருங்கள், நின்ற படத்தில் அல்ல. குழாய் கேமராக்களில் (சிப்புக்குப் பதில் வெற்றிடக் குழாயால் படம் பிடித்தவை) எடுத்த பழைய நிகழ்ச்சிகளில் விளக்குகளின் பின்னால் வால் மாதிரி ஒளிக்கோடு நீளும். அது டேப்பின் பழுதில்லை, கேமரா பார்த்ததே அப்படித்தான், விட்டுவிடுங்கள். வண்ணத்தில், சிவப்பு விளக்கு மட்டும் உருவத்தைத் தாண்டி வழிந்தால் நிறத்தைக் கூட்டாதீர்கள். நிற அடுக்கை ஒன்றிரண்டு பிக்சல் நகர்த்தினாலே பாதி சரியாகிவிடும்.

ஒலி. விஎச்எஸ் ஹை-ஃபை டேப்பில் இரண்டு ஒலித்தடங்கள் உண்டு, ஹை-ஃபை ஒன்று, ஓரமாக ஓடும் சாதாத் தடம் ஒன்று. டிராக்கிங் (ஹெட் டேப்பில் பதிவான தடத்தின் மேல் சரியாக ஓடுவது) சரியில்லாவிட்டால் டெக் சத்தமில்லாமல் சாதாவுக்கு மாறிக்கொள்ளும், நீங்களும் டேப்பே மோசம் என்று முடிவு கட்டிவிடுவீர்கள். டிராக்கிங்கைச் சரிசெய்து மறுபடி கேளுங்கள். மிக்ஸரிலிருந்து எடுத்த ஆடியோ கேசட் தனியாகக் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான், ஆனால் முதல் பாட்டில் மட்டும் பொருத்திவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். கேசட்டின் வேகம் ஒரே சீராக இருக்காது. வீடியோவை அளவுகோலாக வைத்து, பாட்டுக்குப் பாட்டு ஸ்னேர் டிரம்மின் அடியைப் பார்த்து ஒட்டுங்கள். மின்சார உறுமலை நீக்கும்போதும் நிதானம் வேண்டும். பேஸ் கிட்டாரின் தாழ்ந்த ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ், உறுமலோ பல நாடுகளில் 50. அகலமாக வெட்டினால் பேஸ் வாசிப்பவர் பாதிப் பாட்டில் காணாமல் போவார்.

வெளியிடும்போது 4:3 படத்தை இழுத்து 16:9 ஆக்க வேண்டாம், மேலும் கீழும் வெட்டவும் வேண்டாம். யூடியூபில் 50 ஃபிரேம் அப்படியே நிற்க வேண்டுமானால் 720 அல்லது அதற்கு மேல் ஏற்ற வேண்டும், ஆகவே 1440-க்கு 1080 என்று பெரிதாக்கிக்கொள்வதில் தப்பில்லை. முதலில் எடுத்த இழப்பில்லாத கேப்சரை மட்டும், இடம் போதவில்லை என்று அழித்துவிடாதீர்கள். டேப் இன்னொரு முறை ஓடும் என்று யாரும் உறுதி தர முடியாது.