நெஞ்சு அழுத்தினால் சோடா தேடாதீர்கள்

சென்னையில் நெஞ்சு அடைத்தால் பலருக்கு முதலில் கை போவது கோலி சோடாவுக்கோ ஜெலுசிலுக்கோதான். "ராத்திரி பரோட்டா சாப்பிட்டேன், கேஸ்தான்" என்பார்கள். ஏப்பம் வந்து வலியும் குறைந்தால் கேஸ் என்றே முடிவாகிவிடும். சோடா குடிக்க உட்கார்ந்தாரே, அந்த ஓய்வை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி தமனிகளில் கொழுப்பு படிந்து பாதை குறுகுகிறது. சும்மா இருக்கும்போது வரும் ரத்தம் போதும். பறக்கும் ரயில் நிலையத்துப் படி ஏறும்போது போதாது. மார்பு அழுத்தும், நின்றால் சில நிமிடங்களில் விட்டுவிடும். இதுதான் ஆஞ்சைனா. ஆகவே "நின்றதும் சரியாயிடுச்சு" என்று நிம்மதி அடையாதீர்கள். நோயின் அடையாளமே அதுதான். சிலர் பாதிப் படியில் போன் பார்ப்பதுபோல் நின்று சமாளிப்பார்கள், வீட்டுக்குக்கூடத் தெரியாது.

இடது பக்கம் சுருக்கென்று குத்தினால்தான் ஹார்ட் என்பதும் தவறு. பெரும்பாலும் நடுநெஞ்சில் பாரம் வைத்ததுபோல் இருக்கும்; தாடை, தோள், கை, முதுகு என்றும் பரவும். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சுத் திணறலும் வியர்வையும் மட்டும் வரலாம். பெண்களுக்கும் இப்படி நடப்பதுண்டு, வீட்டில் அதை அசதி என்று விட்டுவிடுகிறார்கள்.

"ஈசிஜி நார்மல்" என்ற சீட்டைக் காட்டித் தப்பிக்கவும் முடியாது. வலி இல்லாத நேரத்தில் எடுத்த ஈசிஜியில் அடைப்பு தெரியாமல் போகலாம். டிரெட்மில் பரிசோதனையா, ஆஞ்சியோகிராமா என்பதை இதய மருத்துவர் சொல்லட்டும்.

நெஞ்சு வலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரையான சார்பிட்ரேட்டை நின்றுகொண்டு வைக்காதீர்கள். ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரலாம். வயாகரா வகை மாத்திரை போட்டவர் அதைத் தொடவே கூடாது. அடைப்பை விரித்து வைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்த பிறகு, பல் பிடுங்கப் போகிறேன் என்று ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைத் தானாக நிறுத்துவது இன்னும் ஆபத்து. ஸ்டென்டிலேயே ரத்தம் கட்டிக்கொள்ளலாம்.

சரி, ஓய்வில் இருக்கும்போதே வலி வந்தால், அல்லது உட்கார்ந்தும் விடாவிட்டால்? உடனே 108. பைக்கில் பின்னால் உட்காரவைத்து கத்திப்பாரா நெரிசலில் கிளம்பாதீர்கள். வழியில் இதயத் துடிப்பு தாறுமாறானால் அங்கே காப்பாற்றுவது மிகவும் கடினம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவர் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போடுங்கள். அப்புறம், அபார்ட்மென்ட் என்றால் ஒருவர் கேட்டில் நிற்கட்டும், இன்னொருவர் லிஃப்டைப் பிடித்து வைக்கட்டும்.