எந்த வயலுக்கு எந்த வாய்க்கால்? பைத்தானில் ஆப்ஜெக்ட் ரெஃபரென்ஸ்

கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. வயலில் தண்ணீர் ஏறவில்லை என்றால், திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயி வரப்போரமாகவே மேலே நடந்துபோய் எந்த மதகு அடைபட்டிருக்கிறது என்று பார்ப்பார். பைத்தான் நிரலில் ஒரு கிளாஸின் (மாதிரி வரைவின்) ஆப்ஜெக்ட், அதாவது அதிலிருந்து உருவான பொருள், இன்னொரு கிளாஸின் ஆப்ஜெக்ட்டைப் பிடித்திருப்பதுதான் ரெஃபரென்ஸ். அப்போது நாமும் அப்படித்தான் தேட வேண்டும்.

படி 1: இரண்டு கிளாஸ் எழுதுங்கள். வாய்க்கால் கிளாஸ், வாங்கும் அளவை நீர் என்ற அட்ரிபியூட்டில் (ஆப்ஜெக்ட்டுக்குள் மதிப்பை வைக்கும் பெயரில்) வைக்கட்டும். வயல் கிளாஸ், வாங்கும் வாய்க்காலைப் பாசனம் என்ற அட்ரிபியூட்டில் வைக்கட்டும். பைத்தான் 3-ல் இந்தப் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம்.

பொதுவாய்க்கால் = வாய்க்கால்(100)
தலைமடை = வயல்(பொதுவாய்க்கால்)
கடைமடை = வயல்(பொதுவாய்க்கால்)

படி 2: தலைமடை.பாசனம், கடைமடை.பாசனம் இரண்டையும், ஆப்ஜெக்ட்டின் அடையாள எண்ணைத் தரும் ஐடி ஃபங்ஷனில் கொடுத்து பிரிண்ட் செய்யுங்கள். ஒரே எண்தான் வரும். வாய்க்கால் இரண்டாகவில்லை; இரண்டு வயலும் ஒரே வாய்க்காலைக் காட்டுகின்றன. ஒரு ஆப்ஜெக்ட்டை எத்தனை ரெஃபரென்ஸ் பிடித்திருக்கிறது என்று எண்ணிச் சொல்லும், சிஸ் மாட்யூலின் கெட்ரெஃப்கவுண்ட்டில் பொதுவாய்க்காலைக் கொடுத்தால் 4 வரும். பெயர் ஒன்று, வயல் இரண்டு. நான்காவது, அந்த ஃபங்ஷனுக்கு நாம் கொடுத்ததே.

படி 3: நான் ஆரம்பத்தில் ரொம்ப நாள் தடுமாறிய இடம் இது. நிதானமாகச் செய்து பாருங்கள்.

கடைமடை.பாசனம்.நீர் = 0

இப்போது தலைமடை.பாசனம்.நீர் என்ன? அதுவும் 0. வாய்க்காலே வற்றிவிட்டது அல்லவா! அடுத்து இது:

கடைமடை.பாசனம் = வாய்க்கால்(40)

இப்போது கடைமடைக்கு 40, தலைமடைக்கு அதே 0. புள்ளி வைத்து உள்ளே போய் நீரை மாற்றினால், அந்த வாய்க்காலைப் பிடித்திருக்கும் எல்லா வயலுக்கும் அது தெரியும். பாசனத்தையே மாற்றினால், அந்த ஒரு வயல் மட்டும் வேறு வாய்க்காலுக்கு மடை திருப்பிக்கொள்கிறது. முதல் வரிக்குப் பிறகும் இரண்டாம் வரிக்குப் பிறகும் ஐடியை மறுபடி பிரிண்ட் செய்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

படி 4: வாய்க்காலிலிருந்து வயல்களைக் கண்டுபிடிக்க, வாய்க்கால் கிளாஸில் வயல்கள் என்று ஒரு லிஸ்ட் வைத்து, ஒவ்வொரு வயலும் உருவாகும்போது தன்னை அதில் சேர்க்கச் செய்யலாம். ஆனால் பிறகு கடைமடை என்ற பெயரை டெல் கொடுத்து நீக்கினாலும் வயல் போகாது. விற்ற நிலம் பட்டாவில் பழைய பேரிலேயே நிற்பதுபோல, லிஸ்ட் அதைப் பிடித்துக்கொண்டே இருக்கும். லிஸ்ட்டுக்குப் பதில், ஆப்ஜெக்ட்டை இறுகப் பிடிக்காமல் குறித்து மட்டும் வைக்கும், வீக்ரெஃப் மாட்யூலின் வீக்செட்டைப் போடுங்கள். வேறு யாரும் பிடிக்காத வயல் அதிலிருந்து தானாகவே விலகிவிடும்.