என்ஹெச்எல் சம்பள உச்சவரம்பு: கணக்கில் எங்கே சறுக்குகிறோம்?

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லில், ஓர் அணி தன் வீரர்களுக்கு மொத்தமாக இவ்வளவுதான் தரலாம் என்று உச்சவரம்பு உண்டு. 2004-05 சீசன் முழுவதும் கதவடைப்பில் போன பிறகு வந்த ஏற்பாடு. முதல் வருடம் 3.9 கோடி டாலர், 2025-26இல் 9.55 கோடி.

இப்படி வருடம் தாண்டி வெறும் தொகையை ஒப்பிடுவதுதான் முதல் தவறு. எட்மன்டன் அணியின் மெக்டேவிட் பெயரில் 2018-19இல் வரம்புக் கணக்கில் ஏறியது 1.25 கோடி. அதே அணியில் டிரைசைட்டிலுக்கு 2025-26இல் 1.4 கோடி. யார் காஸ்ட்லி? மெக்டேவிட்தான். அன்றைய வரம்பு 7.95 கோடி, அதில் அவர் பங்கு 15.7 சதவீதம். டிரைசைட்டிலுக்கு 14.7தான்.

அடுத்தது, லீக்கில் பணம் புரண்டால் வரம்பும் உடனே ஏறும் என்ற நினைப்பு. ஹாக்கி வருமானத்தில் வீரர்களுக்குப் பாதி, முதலாளிகளுக்குப் பாதி என்பது ஒப்பந்தம்; வரம்பும் அதை வைத்துத்தான். சியாட்டில் அணி லீக்கில் சேரக் கட்டிய 65 கோடி டாலர் இந்தக் கணக்கிலேயே வராது. கொரோனாவில் அரங்குகள் காலியாகக் கிடந்தபோது, வீரர்களுக்குப் போன சம்பளம் அவர்களுடைய பாதியைத் தாண்டிவிட்டது. தாண்டியது கடனாக நின்றது. 2020-21இல் சம்பளத்தில் 20 சதவீதத்தைப் பிடித்து வைத்தும் கடன் அடையவில்லை. கூட்டம் திரும்பிய பிறகும் வரம்பு 8.15 கோடியிலேயே நின்றது. அப்புறமும் இரண்டு வருடம், வருடத்துக்குப் பத்து லட்சம் என்றுதான் நகர்ந்தது. 2021இல் சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா கோப்பையை வாங்கிய கையோடு ஃப்ளூரியை வேகஸ் அணி சிகாகோவுக்கு அனுப்பியது. பதிலுக்குப் பேர்சொல்லும் வீரர் யாரும் வரவில்லை. வேகஸுக்கு வேண்டியிருந்தது, வரம்புக்குள் அவருடைய 70 லட்சம் அடைத்துக்கொண்டிருந்த இடம்.

கனடா டாலர் விழுந்தால் கனடா அணிகளுக்குத்தான் தலைவலி என்பதும் பாதிக் கதை. அந்த ஏழு அணிகளும் டிக்கெட் விற்பது கனடா டாலரில், சம்பளம் தருவது அமெரிக்க டாலரில். 2016 ஜனவரியில் ஒரு கனடா டாலர் 70 சென்டுக்கும் கீழே போனது. மொத்த வருமானத்தை அமெரிக்க டாலரில்தான் கூட்டுகிறார்கள் என்பதால், அந்தச் சரிவு அமெரிக்காவின் டல்லாஸ் அணிக்கும் சேர்த்தே வரம்பை அமுக்கும்.

வரி இல்லாத மாநிலத்து அணிகளுக்குச் சாதகம் என்று சொல்வது உண்மைதான். வரம்பு வரிக்கு முந்தைய தொகை; ஃப்ளோரிடா, டெக்சஸ், நெவாடாவில் மாநில வருமான வரி கிடையாது. ஆனால் ஃப்ளோரிடா பான்தர்ஸ் அணி 2024, 2025 லீக் சாம்பியன் கோப்பைகளை வரியால்தான் வென்றது என்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். வரம்பு வந்த 2005-06 தொடங்கி ஆறு சீசன் பிளேஆஃப் பக்கமே எட்டிப் பார்க்காதபோதும் பான்தர்ஸுக்கு அதே வரிதான்.