நாம் மைக்கேல் ஜாக்சனைக் கேட்ட பழைய கேசட்டைக் கணினியில் ஏற்றுவது எப்படி

ஸ்பாட்டிஃபையில் மைக்கேல் ஜாக்சன் மொத்தமும் கிடைக்கும்போது பரணில் கிடக்கிற கேசட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான். சின்ன வயதில் நாம் கேட்டது 'த்ரில்லர்' ஆல்பத்தை அப்படியே இல்லை, ரெக்கார்டிங் சென்டர்காரர் பதிந்து கொடுத்ததை. 'த்ரில்லர்' 1982 நவம்பர் 30 அன்று வெளியானது, ஒன்பது பாட்டு, சுமார் 42 நிமிடம். இசைத்தட்டின் முதல் பக்கத்தில் நான்கு பாட்டு, 20 நிமிடம். அதை 60 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கத்தில் ஏற்றினால் பத்து நிமிடம் மிச்சம். காசு வாங்கிக்கொண்டு வெறும் நாடாவாகவா கொடுப்பார், கைக்கு வந்ததைப் போட்டு நிரப்புவார். எங்கள் வீட்டுக் கேசட்டில், அந்தப் பக்கத்தின் கடைசிப் பாட்டான 'த்ரில்லர்' முடிவில் வரும் நடிகர் வின்சென்ட் பிரைஸின் பேய்ச்சிரிப்பு ஓய்ந்ததுமே போனி எம் என்ற டிஸ்கோ குழு கும்மாளமாக ஆரம்பிக்கும். அந்தச் சிரிப்பை இப்போது எங்கே கேட்டாலும் காது போனி எம்மைத்தான் எதிர்பார்க்கிறது, அது வராவிட்டால் பாட்டே முடியாத மாதிரி இருக்கிறது. இந்த வரிசை எந்தச் செயலியிலும் கிடைக்காது, நாடா அறுந்தால் அதோடு போச்சு.

கேசட் கிடைத்த சந்தோஷத்தில் உடனே போட்டுவிடாதீர்கள். வெளிச்சத்தில் பிடித்து ஜன்னல் வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள். வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் பூஞ்சை. அதை ஓட்டினால் பிளேயரில் நாடாவைப் படிக்கிற ஹெட்டும் கெடும், அடுத்துப் போடுகிற கேசட்டும் கெடும். தனியாக எடுத்து வைத்து, இந்த வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். அப்புறம் நாடா வெளியே தெரிகிற விளிம்பின் நடுவில் ஒரு சின்னப் பஞ்சுத் துண்டு தகட்டில் ஒட்டியிருக்க வேண்டும், பழைய கேசட்டில் பசை காய்ந்து அதுதான் முதலில் விழும். அது இல்லாவிட்டால் நாடா ஹெட்டில் சரியாகப் பதியாது, போர்வைக்குள்ளிருந்து பாடுவது போலக் கேட்கும். ஸ்க்ரூ போட்ட வேறொரு கேசட்டைக் கழற்றி நாடாவை அதன் கூட்டுக்குள் மாற்றலாம், பொறுமை இருந்தால் போதும். எதிர் விளிம்பில் இரண்டு பக்கமும் இருக்கும் பிளாஸ்டிக் பற்களை மறக்காமல் உடைத்துவிடுங்கள். உடைத்தால் ரெக்கார்ட் பட்டன் அமுங்காது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். கடைசியாக ஒருமுறை முழுதாக முன்னே ஓட்டி, முழுதாகப் பின்னே ஓட்டுங்கள், வருடக்கணக்காக ஒட்டிக் கிடந்த சுருள் தளரும்.

கம்ப்யூட்டரில் நேரடியாகச் செருகும் மலிவான யுஎஸ்பி கேசட் பிளேயர்களை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், பெரும்பாலானவற்றில் வேகம் நிலையாக இருக்காது, நீட்டிப் பாடும் இடத்தில் குரல் நடுங்கும். சத்தத்தை வயர் வழியாக வெளியே எடுக்கும் லைன்-அவுட் உள்ள பழைய கேசட் டெக் கிடைத்தால் அதுதான் ராஜா. ரேடியோவும் கேசட் பிளேயரும் சேர்ந்த பழைய டூ-இன்-ஒன் என்றால் உள்ளே ரப்பர் பெல்ட் தளர்ந்தோ உருகியோ போயிருக்கும். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் விசாரிக்கலாம், மற்ற ஊர்களில் பழைய ரேடியோ மெக்கானிக் யாராவது இன்னும் இருப்பார். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் பழுப்பு வருவது நிற்கும்வரை துடையுங்கள், சென்ட் கலந்த எதுவும் வேண்டாம்.

பலரும் விட்டுவிடுகிற ஒரு வேலை ஹெட்டின் கோணம். ரெக்கார்டிங் சென்டர்காரரின் மிஷினில் ஹெட் ஒரு சாய்வில் இருந்திருக்கும், உங்கள் மிஷினில் வேறு சாய்வு, அதனால்தான் நல்ல கேசட்டும் மந்தமாகக் கேட்கும். ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங்கோடு ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். 'த்ரில்லர்' ஆல்பத்தில் உள்ள 'பில்லி ஜீன்' போடுங்கள். முதலில் டிரம் மட்டும், பிறகு பேஸ், பாட்டு தொடங்க அரை நிமிடம் ஆகும். அந்த முன்னிசை நீளமாக இருக்கிறது, வெட்டலாம் என்று தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸ் சொல்ல, அதைக் கேட்டால்தான் ஆடத் தோன்றுகிறது என்று ஜாக்சன் மறுத்துவிட்டார், நமக்கும் இங்கே அது உதவுகிறது. ஸ்க்ரூவை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டே டிரம்மோடு வருகிற 'ச்சிக் ச்சிக்' சத்தத்தைக் கவனியுங்கள், எங்கே அது கூர்மையாகிறதோ அங்கே நிறுத்துங்கள். மோனோவில் வைத்துக் கேட்டால் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும்.

லேப்டாப்பின் மைக் ஓட்டையில் வயரைச் செருகாதீர்கள், சத்தம் உடையும், பெரும்பாலும் மோனோவாகத்தான் ஏறும். லைன்-இன் உள்ள யுஎஸ்பி ஆடியோ கருவி ஒன்று வாங்குங்கள். பதிவதற்கு ஆடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம். 44,100 ஹெர்ட்ஸ், ஸ்டீரியோ, மிக உரத்த இடத்தில் மீட்டர் மைனஸ் 6 டெசிபல் தொடும்படி வைத்து ஒரு பக்கத்தை ஒரே மூச்சில் பதியுங்கள். பாட்டு பாட்டாக வெட்ட வேண்டாம். நடுவில் யாரோ தெரியாமல் ரெக்கார்ட் அமுக்கி விழுந்த பிரஷர் குக்கர் விசிலும் சேர்ந்து ஏறட்டும். தரம் குறையாமல் சேமிக்கும் ஃப்ளாக் (FLAC) கோப்பாகச் சேமியுங்கள். இரைச்சல் நீக்குகிற வேலையெல்லாம் நகலில்தான், மூலத்தில் கை வைக்கக் கூடாது.

வேகம் சரியா என்று பார்க்க அதே 'பில்லி ஜீன்' போதும். ஆல்பத்தில் அது 4 நிமிடம் 54 விநாடி, அதாவது 294 விநாடி. உங்கள் பதிவில் 280 விநாடியில் முடிந்தால் கேசட் ஐந்து சதவீதம் வேகமாக ஓடியிருக்கிறது. ஆடாசிட்டியின் வேகம் மாற்றும் வசதியில் 0.952 என்று கொடுத்தால் சரியாகிவிடும். ஆனால் திருத்தாததையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவேளை நீங்கள் கூடவே பாடிப் பழகியது அந்த உயர்ந்த சுருதியில்தானோ என்னவோ, திருத்தியது அந்நியமாகக் கேட்கலாம்.

இனி நினைவுகள். கேசட்டைப் போட்டுக் காட்டுவதற்கு முன்னாலேயே அண்ணன், அக்கா, மாமா பையன் என்று அப்போது கூடக் கேட்டவர்களிடம் தனித்தனியாகப் பேசி எழுதிவைத்துவிடுங்கள். எல்லாரையும் உட்காரவைத்துக் கேட்டால் சத்தமாகப் பேசுகிறவர் சொல்வதுதான் நிற்கும். ஜாக்சன் மாதிரி ஒற்றைக் கையுறைக்கு அம்மாவின் பழைய துணியை வெட்டியது யார், ஆண்டுவிழாவில் வெள்ளை சாக்ஸ் தெரியப் பேண்ட்டை மடித்தது யார் என்பதில் எங்கள் வீட்டில் இன்றுவரை வழக்கு தீரவில்லை. வருடத்தில் குழப்பம் வந்தால் வெளியான தேதிகளை வைத்துச் சரிபாருங்கள். ஜாக்சன் முதன்முதலாக மேடையில் மூன்வாக் ஆடிய, மோட்டவுன் இசை நிறுவனத்தின் நிகழ்ச்சி அமெரிக்காவில் ஒளிபரப்பானது 1983 மே 16. 'பேட்' ஆல்பம் 1987 ஆகஸ்ட். 'பிளாக் ஆர் ஒயிட்' வீடியோ 1991 நவம்பர், அதில் வண்டிகள் ஓடும் சாலை நடுவில் அவரோடு ஒடிசி ஆடுகிறவர் யமுனா சங்கரசிவம். ஆக, அந்தப் பாட்டுக்கு மூன்றாம் வகுப்பில் ஆடினேன் என்று தம்பி சொன்னால் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். மும்பை அந்தேரியில் ஜாக்சன் நடத்திய கச்சேரி 1996 நவம்பர் 1, அதற்குப் போனேன் என்று சொல்லும் மாமாவிடம் டிக்கெட்டைக் கேளுங்கள்.

வேலை முடிந்ததும் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். யூடியூபில் ஏற்றாதீர்கள், காப்புரிமைக்காரர்கள் உடனே பிடித்துவிடுவார்கள். குடும்ப வாட்ஸப் குழுவுக்குக் குக்கர் விசில் வரும் இடத்தை மட்டும் வெட்டி அனுப்பலாம். கேசட்டை ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காமல், ஈரமில்லாத இடத்தில், உறைக்குள் நிமிர்த்தி வையுங்கள்.