வேலூரில் ஒரு மாலை நடை: வேலையாக வருவோர் செய்யும் தவறுகள்

ராணிப்பேட்டை சிப்காட்டுக்கோ, ஆம்பூரின் தோல் தொழிற்சாலைகளுக்கோ, காட்பாடியில் உள்ள பல்கலைக்கழகத்துக்கோ அலுவல் நிமித்தமாக ஓரிரு நாள் வருபவருக்கு, வேலூரைப் பார்க்க மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு மாலைப்பொழுதுதான். அந்த இரண்டு மூன்று மணி நேரம் போதாது என்று பலர் அறையிலேயே இருந்துவிடுகிறார்கள். கோட்டை, பழைய பேருந்து நிலையம், லாங்கு பஜார், சி.எம்.சி. மருத்துவமனை ஆகிய நான்கும் ஒன்றிலிருந்து ஒன்று நடந்துபோகும் தொலைவில் இருப்பதால், எங்கே தொடங்குவது, எப்போது தொடங்குவது என்னும் இரண்டை மட்டும் சரியாக முடிவு செய்பவருக்கு ஒரு மாலை தாராளமாகவே போதும்.

பிழை பெரும்பாலும் தங்குமிடத்தைத் தேர்வதிலேயே தொடங்கிவிடுகிறது. சென்னை–பெங்களூரு இருப்புப்பாதையில் உள்ள நிலையம் காட்பாடி சந்திப்பு என்பதால், இறங்கிய இடத்திலேயே அறை எடுத்துக்கொள்வது வசதி என்று தோன்றும். ஆனால் காட்பாடிக்கும் வேலூர் நகருக்கும் நடுவில் பாலாறு கிடக்கிறது, கோட்டைப் பக்கம் வந்துசேர ஆறேழு கிலோமீட்டர் ஆகிறது. மாலையில் பாலத்தின் மேல் ஊர்ந்துவரும் வாகனங்களுக்கு நடுவே அந்தத் தொலைவை நடப்பது உலாவல் ஆகாது. பேருந்தில் வருவோர் செய்யும் பிழையும் இதைப் போன்றதுதான். புதிய பேருந்து நிலையத்தில் இறங்கியதும் ஊரின் நடுவுக்கு வந்துவிட்டதாக எண்ணிவிடுகிறார்கள். அது நகரின் வடபுறத்தில் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. ஆகவே அங்கிருந்து நகரப் பேருந்தோ ஆட்டோவோ பிடித்துப் பழைய பேருந்து நிலையத்தில் இறங்கி, அங்கே நடையைத் தொடங்குவதே முறை.

வெயிலைக் குறைத்து மதிப்பிடுவது அடுத்த தவறு. தமிழ்நாட்டில் கோடை மிகக் கடுமையாக இருக்கும் ஊர்களில் வேலூரும் ஒன்று. சித்திரை, வைகாசியில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இங்கே செய்தியே அன்று. சுற்றிலும் மொட்டைப் பாறைக் குன்றுகள், கோட்டையோ முழுக்கக் கருங்கல். பகலெல்லாம் சூடேறிய கல் மாலை மயங்கிய பிறகும் அனலைக் கக்கிக்கொண்டிருக்கும். மதியம் சீரகச் சம்பா பிரியாணியை எண்ணெய்க் கத்திரிக்காயோடு ஒரு கை பார்த்துவிட்டு மூன்று மணிக்குக் கொத்தளத்தின் மேல் ஏறுபவரைப் பார்த்தால் பரிதாபமாகத்தான் இருக்கும். மாலை ஐந்துக்கு மேல் கிளம்பலாம்; அதைவிட நல்லது, கூட்டம் பத்து மணிக்குத்தான் என்றால் காலை ஆறு மணிக்கே இறங்கிவிடுவது.

கோட்டையைப் பொறுத்தவரை கைப்பேசி வரைபடத்தை அப்படியே நம்புவது வீண் அலைச்சலைத் தரும். வரைபடத்தில் கோட்டைக்குள் இருக்கும் கோயில் கூப்பிடு தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். நேரில் போனால் அகழியும் அதற்கு அப்பால் மதிலும்தான் நிற்கும். பொதுமக்கள் உள்ளே செல்லும் வழி கிழக்குப் பக்கத்தில் இருப்பதால், மேற்கிலிருந்தோ தெற்கிலிருந்தோ வருபவர் அகழியைச் சுற்றிக்கொண்டு வந்தே ஆக வேண்டும். நேரம் இருந்தால் அந்தச் சுற்றும் நல்ல நடைதான். ஏழரை மணி ரயிலுக்கு ஓட வேண்டியவருக்கு அது கட்டுப்படியாகாது.

உள்ளே நுழைந்தபின் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஓடுவதும் வீண். விஜயநகரக் காலமான 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இக்கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயிலும், மசூதியும், தேவாலயமும், திப்பு மகால், ஐதர் மகால் என வழங்கும் மாளிகைகளும், அருங்காட்சியகங்களும், அரசு அலுவலகங்களும் இருக்கின்றன. ஒரு மணி நேரமே கையில் இருந்தால் அதைக் கோயிலின் கல்யாண மண்டபத்துக்கே கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து. தூண்களில் பாயும் குதிரைகளையும் யாளிகளையும் எல்லோரும் பார்க்கிறார்கள்; விதானத்தில் தாமரையைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கிளிகளை, அண்ணாந்து பார்க்காததால் பலர் தவறவிடுகிறார்கள். நெடுங்காலம் வழிபாடின்றிக் கிடந்த இக்கோயிலில், சத்துவாச்சாரியில் வைக்கப்பட்டிருந்த லிங்கம் 1981இல் கொண்டுவரப்பட்டு மீண்டும் பூசை தொடங்கியது என்பதை அறிந்து நுழைந்தால், இது வெறும் காட்சிப்பொருள் அன்று, நடைபெற்றுவரும் கோயில் என்ற நினைவும் இருக்கும். நடுப்பகலில் நடை சாத்தியிருக்கும். தமிழக அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வாரத்தின் வேலையெல்லாம் முடிந்து வெள்ளி மாலைதான் ஒழிந்தது என்று வருபவர் இதை முன்கூட்டியே கணக்கில் கொள்வது நல்லது.

1806 ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் ஆங்கிலேயக் கம்பெனிப் படையின் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தது இக்கோட்டைக்குள்தான். புதிய தலைப்பாகையும், நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் வந்த தடையும் உடனடிக் காரணங்கள். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த ஆங்கிலேயப் படை அதிகாரி கில்லெஸ்பி அன்றே அதை ஒடுக்கினார். இந்த வரலாற்றைக் கோட்டைக்குள்ளேயே தேடிவிட்டுத் திரும்புவோர், மக்கான் சந்திப்பில் நிற்கும் நினைவுத்தூணைக் கவனிக்காமலே கடந்துபோகிறார்கள்.

மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் நடப்பதற்குத் தனி நிதானம் வேண்டும். 1900இல் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிறு மருத்துவ நிலையம் வளர்ந்து உருவான சி.எம்.சி.க்கு, மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் எனப் பல திசைகளிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். காந்தி ரோடு, பாபுராவ் தெருப் பக்கம் வங்காளத்திலும் இந்தியிலும் பெயர்ப்பலகைகளைக் காணலாம். சமைத்துக்கொள்ள இடம் தரும் விடுதிகளில் குடும்பங்கள் வாரக்கணக்கில் தங்கியிருக்கும். இங்கே எதிரில் வருபவரை நிறுத்தி வழி கேட்பது பயன் தராது. அவரும் உங்களைப் போலவே வெளியூர்க்காரராக இருக்கக்கூடும். பூக்கடை அம்மாவிடமோ ஆட்டோ ஓட்டும் அண்ணனிடமோ கேட்டால் சரியான பதில் கிடைக்கும். அப்போதும் அண்ணா சாலை என்று கேட்பதைவிட ‘ஆபீசர்ஸ் லைன்’ என்று கேட்டால் சட்டென்று புரியும். இந்தத் தெருக்களின் பன்மொழிக் கலப்பைப் படமெடுக்கக் கை பரபரக்கும். சக்கர நாற்காலியில் இருப்பவரும், மருந்துச் சீட்டோடு வாசலில் உட்கார்ந்திருப்பவரும் படத்துக்குள் வரக்கூடாது. நடைபாதையில் அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நடப்பதும் அவசியம்.

கோட்டையோடு சேர்த்து அதே மாலையில் ஸ்ரீபுரம் பொற்கோயிலையும் பார்த்துவிடலாம் என்று திட்டமிடுவது மற்றொரு தவறு. திருமலைக்கோடியில் உள்ள அந்தக் கோயில் நகருக்கு வெளியே இருக்கிறது. உள்ளே நட்சத்திர வடிவப் பாதையில் நடப்பதற்கே கணிசமான நேரம் பிடிக்கும். அதை வேறொரு பயணத்துக்கு வைத்துக்கொண்டு, பாலாற்றங்கரையில் இருக்கும் முத்து மண்டபத்துக்குப் போகலாம். கண்டியின் கடைசி அரசரான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர், ஆட்சியை இழந்து வேலூர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்டு 1832இல் இறந்தார். அவருடைய கல்லறை அங்கேதான் இருக்கிறது. கூட்டமே இருக்காது.

மடிக்கணினிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு லாங்கு பஜாரின் நெரிசலுக்குள் நுழைய வேண்டாம். மூட்டை இறக்குபவர்களுக்கும் இடைஞ்சல், உங்களுக்கும் இடைஞ்சல். கூட்டத்துக்குப் போட்ட தோல் காலணியைக் கோயில் வாசலில் கழற்றி மாட்டுவதும் தொல்லை என்பதால், சாதாரணச் செருப்பு ஒன்றை எடுத்துவருவது நல்லது. இரவு ரயிலுக்குத் திரும்புவோர் பயணச்சீட்டில் இருப்பது காட்பாடியா, வேலூர் கண்டோன்மென்டா என்பதை ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். காட்பாடி என்றால், பாலத்து நெரிசலுக்காக ஒரு மணி நேரம் முன்னதாகவே பழைய பேருந்து நிலையத்திலிருந்து புறப்பட்டுவிட வேண்டும்.